சிவப்பு மருந்தும் சிவப்புத் தண்ணீரும்

குழித்துறையில் காலை ரயில் ஏறினால், மடியில் பெரிய பிளாஸ்டிக் கவரும் அதற்குள் ஸ்கேன் படமுமாக உட்கார்ந்திருப்பவர்கள் பெட்டிக்கு நாலு பேராவது கண்ணில் படுவார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் 'ஆர்சிசிக்குப் போறோம்' என்றால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 1981-ல் தொடங்கிய அந்த மையம் கேரளத்துடையதுதான். ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு அது அடுத்த மாநிலமாகத் தோன்றுவதே இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே. சென்னைக்கு ஒரு ராத்திரி பயணம், திருவனந்தபுரத்துக்கு ஒன்றரை மணி நேரம். நோய் எல்லை பார்த்து வருவதில்லை, நாங்களும் பார்ப்பதில்லை.

சித்திக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது துணைக்குப் போனவன் நான். முதல் கீமோ முடிந்து வீடு திரும்பிய வாரத்தில், பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு நிறத்தோடு வந்தார்கள். மைனி பீட்ரூட் கொண்டுவந்தாள், ரத்தம் ஊறுமாம். பக்கத்து வீட்டு மாமா ஒரு சீப்பு செந்துளுவன் பழம், அதாவது செவ்வாழை. யாரோ மாதுளை, யாரோ ஒரு கூடை நாவல்பழம். மஞ்சள் போட்ட பாலைப் பற்றி எல்லோருக்குமே கருத்து இருந்தது. இதெல்லாம் போக, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையிலிருந்து வந்தது ஒரு டப்பா. மஞ்சள் சாரம், தக்காளிச் சாரம், திராட்சை விதை என்று நாலைந்து தாவர நிறமிகளை அடக்கிய காப்ஸ்யூல். 'கீமோ எடுக்கிறவங்களுக்கு பக்கவிளைவே வராது, ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். டப்பாவின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் வேறொரு வரி இருந்தது: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. இந்த வகைச் சரக்கு நம் சட்டப்படி உணவுக் கணக்கில் வருகிறது, மருந்துக் கணக்கில் அல்ல. அந்த வரியை அச்சிடச் சொல்வதும் அதே சட்டம்தான்.

பழமும் காப்ஸ்யூலும் ஒரே மேசையில் இருந்தன. சித்தி கேட்டார்: "மக்களே, ரெண்டும் ஒண்ணுதானே?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் நிறம் செடிக்கு எதற்கு? மாமரம் தளிர்விடும் நேரத்தில் பாருங்கள், இளம் இலை பச்சையாக வருவதில்லை, செம்பு நிறத்தில் வருகிறது. மாந்தளிர் மேனி என்று நம் ஆட்கள் வருணித்தது அந்த நிறத்தைத்தான். அது ஆந்தோசயனின் என்ற நிறமி. முற்றாத இலைக்கு முழு வெயிலைத் தாங்கும் திராணி இல்லை. கூடுதல் ஒளி உள்ளே போனால் ஆக்சிஜன் முறுக்கேறி, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளையெல்லாம் கடித்துவைக்கும். நிறமி அந்த ஒளியை மறித்து, முறுக்கையும் தணிக்கிறது. இலை முற்றியதும் சிவப்பு தேவைப்படுவதில்லை, போய்விடுகிறது. கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கும் கரோட்டினாய்டுகளுக்கும் இலைக்குள் இதே வேலை. நாவல்பழத்தின் கருநீலமும் ஆந்தோசயனின்தான். பீட்ரூட்டில் மட்டும் பீட்டலைன் என்ற வேறு குடும்பம். ஆக, செடிக்குள் இவை ஆன்டிஆக்ஸிடன்ட்டாக, அதாவது அந்த முறுக்கைத் தணிப்பவையாக, வேலை செய்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் அதைப் பிய்த்து எடுத்து நம் வயிற்றுக்குள் போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான். (பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. ரத்தத்தின் நிறம் இரும்பால் வருவது, பீட்டலைனில் இரும்பே கிடையாது. நிறத்தைப் பார்த்து நாம் போட்ட கணக்கு அது.)

இனி கீமோ பக்கம் வருவோம். சித்திக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்றை வார்டில் எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்றே சொன்னார்கள். டாக்சோரூபிசின். குழாய் வழியே இறங்கும்போது நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவந்து போகும். அந்த வாரம் பீட்ரூட் வேறு சாப்பிட்டிருந்தால் எது எதனால் என்று குழம்பிப் பயப்படுவது நிச்சயம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

இந்த மருந்தின் பிறப்பைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்டே என்ற 13-ம் நூற்றாண்டுக் கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் பளிச்சென்ற சிவப்பு நிறமியைச் சுரந்தது. அதிலிருந்து வந்தது டானோரூபிசின். பெயரில் உள்ள 'ரூபி' மாணிக்கச் சிவப்பைக் குறிப்பது. அந்த நுண்ணுயிரைச் சற்று மாற்றியபோது கிடைத்தது டாக்சோரூபிசின், 1974-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதாவது, எந்த மருந்தின் கெடுதலைத் தணிக்க நாம் செடியின் நிறமியைத் தேடி ஓடுகிறோமோ, அந்த மருந்தே ஒரு நிறமி. இயற்கையானதும்கூட. 'இயற்கை, அதனால் சாது' என்று டப்பாவில் எழுதுகிறவர்கள் இந்த மண்வாசி நுண்ணுயிரையும் நினைத்துக்கொள்ளலாம்.

டாக்சோரூபிசின் செல்லைப் பல வழிகளில் கொல்கிறது. முக்கியமானது, டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் ஒரு நொதியை மடக்கி, இழைகளை உடைத்துவிடுவது. இன்னொன்று, செல்லில் உள்ள இரும்போடு சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது முன்பு சொன்ன முறுக்கேறிய ஆக்சிஜன் போன்றவற்றை, கிளப்புவது. இதயத் தசைக்கு இந்தத் தாக்குதலைச் சமாளிக்கும் வசதி குறைவு. அதனால்தான் இதயத்துக்கு ஆபத்து. வாழ்நாளில் ஏற்றும் மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் ஏறும்: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் எட்டியவர்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு இதயச் செயலிழப்பு வந்தது, 550-ல் அது 26 விழுக்காடு என்று 2003-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. மார்பகப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நாலு தவணை சேர்ந்து 240-ல் நிற்பதும், நடுவில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

இங்கேதான் நிறமிக் காப்ஸ்யூலின் வாதம் நுழைகிறது. ஃப்ரீ ராடிக்கல் இதயத்தைக் கெடுக்கிறது, நிறமி ஃப்ரீ ராடிக்கலை அடக்கும், ஆகவே நிறமி இதயத்தைக் காக்கும். காகிதத்தில் சரியான வாதம். எலிகளில் பலமுறை பலித்தும் இருக்கிறது. மஞ்சளின் குர்க்குமின், தக்காளியின் லைக்கோபீன், ஆந்தோசயனின் எல்லாவற்றுக்கும் எலி ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் நிறைய ஆய்வுகளில் அந்த எலிகளுக்குப் புற்றுநோயே இல்லை. ஆரோக்கியமான எலிக்கு மருந்தைக் கொடுத்து, இதயம் பிழைக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அதே நேரத்தில் கட்டியும் பிழைத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை, கட்டி இருந்தால்தானே! மனிதர்களில் பார்த்தபோது கதை வேறு. எலியைக் காத்த விட்டமின் ஈ-யும் அசிடைல்சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டும் 1980-களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் நோயாளிகளின் இதயத்தைக் காக்கவில்லை.

கட்டியும் பிழைத்துக்கொள்ளுமா என்பது வெறும் சந்தேகமல்ல. புற்றுச் செல் எந்நேரமும் உலை போல எரிந்துகொண்டிருப்பது. தன் புகையில் தானே மூச்சுமுட்டாமல் இருக்க, அது சொந்தமாக ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்பாடுகளைப் பெருக்கி வைத்திருக்கும். சில நுரையீரல் புற்றுகளில் இந்த ஏற்பாட்டை முடுக்கும் மரபணுவே மாறி, எப்போதும் 'ஆன்' நிலையில் இருக்கிறது. நுரையீரல் கட்டி உள்ள சுண்டெலிகளுக்கு விட்டமின் ஈ, அசிடைல்சிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததை 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறமிக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. வீட்டில் தீ என்று தண்ணீர் ஊற்றுகிறோம் சரி, அடுப்பும் அணைந்துபோகும்.

மஞ்சளுக்கே இப்படி ஒரு பதிவு உண்டு. 2002-ல் வெளிவந்த ஆய்வொன்றில், உணவில் குர்க்குமின் சேர்த்த சுண்டெலிகளில், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து மார்பகக் கட்டியைச் சுருக்குவது தடைப்பட்டது. சைக்ளோபாஸ்பமைடு வேறு யாருக்கோ கொடுப்பது அல்ல, சிவப்பு மருந்தோடு சேர்த்து சித்திக்கு ஏற்றிய அதே மருந்து.

சரி, இதுவும் எலிதானே என்று கேட்கலாம். மனிதர்களில் இருப்பதைச் சொல்கிறேன். 2005-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த ஆய்வு இதில் முக்கியமானது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு (எங்கள் பக்கம் 'கரண்டு வைப்பது') எடுத்த 540 பேரில் ஒரு சாராருக்கு விட்டமின் ஈ-யும், கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. டப்பாவில் சொன்னது பலித்தது! ஆனால் அதே சாராரில் நோய் அதே இடத்தில் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. வாய்ப்புண் குறைந்ததும் கட்டி தப்பியதும் ஒரே காரணத்தால் என்றால், அந்த நிம்மதிக்கு என்ன விலை?

கீமோவுக்கு நேராகப் பொருந்தும் தரவு அமெரிக்காவிலிருந்து வந்தது. டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பேக்ளிடாக்சல் எடுத்த மார்பகப் புற்று நோயாளிகள் 1,134 பேரிடம், என்னென்ன சத்துமாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிந்து பின்தொடர்ந்தார்கள். விட்டமின் ஏ, சி, ஈ, கரோட்டினாய்டு, கோ-என்சைம் க்யூ10 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை கீமோவுக்கு முன்பும் கீமோ நடக்கும்போதும் எடுத்தவர்களுக்கு, நோய் திரும்பும் வாய்ப்பு 41 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அப்படி எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், இது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்கோட்டில்தான் அந்த எண் நிற்கிறது. அது நிரூபணம் அல்ல. ஆனால் கடைக்காரர் சொன்ன திசையை அது காட்டவில்லை.

கேரட் நிறமியின் பழைய கதையும் சிலருக்கு நினைவிருக்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று குறையும் என்று காத்திருந்தார்கள், 18 விழுக்காடு கூடியது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்க ஆய்வு ஒன்றிலும் அதே கதைதான், பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது என்பதில் தொடங்கிய யோசனை அது. கேரட்டை விட்டுவிட்டு அதன் நிறத்தை மட்டும் கொடுத்தபோது தலைகீழாயிற்று.

பழமும் காப்ஸ்யூலும் ஒன்றுதானா என்ற சித்தியின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதி அளவில் இருக்கிறது. மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். ஒரு நாள் குழம்பிலும் அவியலிலும் ஒருவர் இலைக்கு வரும் மஞ்சள் ஒன்றிரண்டு கிராம் என்றால், குர்க்குமின் முப்பது, அறுபது மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. ஓர் ஆய்வில் 8 கிராம் வரை குர்க்குமின் விழுங்கிய தன்னார்வலர்களின் ரத்தத்தில் அது தென்படவே இல்லை. ஆகவே குழம்பு மஞ்சள் கீமோவைக் கெடுக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அது பக்கவிளைவைத் தடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். குழம்புக்கு ருசியும் நிறமும் தரும், அது போதாதா?

காப்ஸ்யூல் செய்கிறவர்களுக்கு இந்தக் குடல் பிரச்சினை தெரியும். அதனால் மிளகின் காரச்சத்தான பிப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது இருபது மடங்காகிறது என்று 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. அதை விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிறார்கள். பிப்பரின் அதை எப்படிச் சாதிக்கிறது என்பதைப் போடுவதில்லை. வேண்டாததை வெளியேற்றும் ஈரல், குடல் நொதிகளின் கையைக் கட்டித்தான். அதே நொதிகள்தான் பல கீமோ மருந்துகளையும் உடைத்து வெளியேற்றுபவை. காவலாளியைத் தூங்கவைத்தால் வேண்டியவர் மட்டுமா உள்ளே வருவார்? எந்த மருந்து ஏறும், எது இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினம். மார்பகப் புற்றில் வருடக்கணக்கில் எடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையோடு குர்க்குமினும் பிப்பரினும் சேர்த்தபோது, உடலில் அதன் வீரியமான வடிவம் சுமார் 12 விழுக்காடு குறைந்ததை நெதர்லாந்து ஆய்வொன்று 2019-ல் பதிந்தது. ரசத்தில் போடும் நல்லமிளகை நினைத்துப் பதற வேண்டாம், இது அடைத்து வைத்த சாரத்தின் கதை.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. எலும்பு மஜ்ஜைப் புற்றான மயலோமாவுக்கு போர்டெசோமிப் என்று ஒரு ஊசி உண்டு. கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற சேர்மம் அந்த மருந்தை நேராகப் பிடித்துக் கட்டிப்போட்டு வேலை செய்யவிடாமல் தடுத்ததை 2009-ல் ஆய்வகத்திலும் எலியிலும் கண்டார்கள். இரண்டாவது, எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் தானாகக் காய்த்துத் தொங்கும் பம்பளிமாஸ். உள்ளே இளஞ்சிவப்புச் சுளை, பார்க்கவே ஆசையாக இருக்கும். அதில் உள்ள ஒரு சத்தும் அந்தக் குடல் நொதியை முடக்கக்கூடியது. சில புற்றுநோய் மாத்திரைகளோடு அது ஆகாது. பழம்தானே என்று விடாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய பழம் அது.

அப்படியானால் கீமோவின் கெடுதலைத் தணிக்க வழியே இல்லையா? உண்டு. அவை வேலை செய்யும் விதம்தான் எனக்குப் பாடமாக இருந்தது. சிவப்பு மருந்திலிருந்து இதயத்தைக் காக்க டெக்ஸ்ராசாக்சேன் என்று ஒரு மருந்து, 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது. செல்லில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கூடவே டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் அந்த நொதியையும் இதயத்தில் மறைத்துவைக்கும். அதைக்கூட மார்பகப் புற்றில் எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கட்டியையும் காத்துவிடுமோ என்ற கவலை ஒரு சோதனையில் எழுந்ததால், டாக்சோரூபிசின் 300 மில்லிகிராம் அளவைத் தாண்டியவர்களுக்கு என்று வரம்பு வைத்தார்கள். இன்னொன்று, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுக்கும் குழந்தைகளின் காது கேட்காமல் போவதைத் தடுக்கும் சோடியம் தயோசல்ஃபேட். அமெரிக்காவில் 2022-ல் அனுமதி. சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்துத்தான் அதைக் கொடுப்பார்கள். மருந்து கட்டியில் தன் வேலையை முடிக்கட்டும், அப்புறம் மிச்சத்தை அணைக்கலாம் என்ற கணக்கு. காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று விழுங்கும் காப்ஸ்யூலுக்கு இந்த நேரக் கணக்கு எதுவும் கிடையாது.

தவிர, கீமோவின் தொல்லைகள் பலவற்றுக்கும் ஃப்ரீ ராடிக்கலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. முடி கொட்டுவதும் வெள்ளணு குறைவதும் வேகமாகப் பிரியும் செல்களை மருந்து அடிப்பதால். குமட்டல், குடலிலிருந்து கிளம்பும் செரட்டோனின் மூளைக்கு அனுப்பும் செய்தி. அதற்கு ஓண்டான்செட்ரான் மாதிரி மாத்திரை கேட்கும், நாவல்பழம் கேட்காது. கை கால் மரத்துப்போவதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் பெயரில் பல வைத்தியங்களைச் சோதித்திருக்கிறார்கள். விட்டமின் ஈ பலிக்கவில்லை. அசிடைல் கார்னிட்டின் என்ற சத்துமாத்திரை, 409 பெண்களில் நடந்த சோதனையில், மரத்துப்போவதைக் கூட்டிவிட்டது.

மஞ்சளுக்கு ஒரே ஒரு இடத்தில் நான் மனசு விட்டு மதிப்பெண் கொடுப்பேன்: வாய். விழுங்குவதற்கு அல்ல, கொப்பளிப்பதற்கு. 2014-ல் மங்களூரிலிருந்து வெளியான ஆய்வில், தலை, கழுத்துக்குக் கரண்டு வைத்துக்கொண்ட 80 பேரில் மஞ்சள் கரைசலால் கொப்பளித்தவர்களுக்கு வாய்ப்புண் தாமதமாக, கடுமை குறைந்து வந்தது. புண் இருக்கும் இடத்திலேயே மருந்து படுகிறது, ரத்தத்தில் ஏறவேண்டிய அவசியம் இல்லை. அதனால் நம்பும்படியாக இருக்கிறது. ஆனாலும் 80 பேர் சிறிய கூட்டம். சிறிய கூட்டத்தில் தெரிவது பெரிய கூட்டத்தில் மறைவதற்கும் மஞ்சளே உதாரணம். கதிர்வீச்சால் தோல் வெந்துபோவதற்கு தினம் 6 கிராம் குர்க்குமின் உதவியது என்று 2013-ல் 30 பெண்களிடம் கண்டார்கள், 686 பேரிடம் திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. வாய்ப்புண்ணுக்கு ஐஸ்கட்டி இன்னும் உறுதியான வைத்தியம். ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ ஊசி வேகமாக ஏற்றும்போது அரை மணி நேரம் ஐஸ் சப்பினால், வாயில் ரத்தக்குழாய் சுருங்கி மருந்து அங்கே குறைவாகப் போகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ எடுப்பவர்கள் மட்டும் ஐஸ் பக்கம் போகக்கூடாது, அந்த மருந்து குளிர் பட்டாலே நரம்பைச் சுண்டும்.

சுக்குக்காப்பி பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இஞ்சி குமட்டலைக் குறைப்பதாக 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு உண்டு. அதுவும் குமட்டல் மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

வீட்டுக்கு வந்த பழங்களை என்ன செய்வது? சாப்பிட வேண்டியதுதான். வெள்ளணு இறங்கும் நாட்களில் நன்றாகக் கழுவி, தோலுரித்துச் சாப்பிடும் பழங்களாகத் தேர்ந்துகொண்டால் நல்லது, அந்த வகையில் செந்துளுவனுக்கு முதலிடம். தக்காளியை எண்ணெயில் வதக்கினால் லைக்கோபீன் கூடுதலாகக் கிடைக்கும், அப்படித்தானே எப்போதும் சமைக்கிறோம்? நான் கவனித்த குறை வேறு. நிறத்தைத் துரத்துகிற வீடுகளில் புரதம் விட்டுப்போகிறது. ஜூஸ் ஜூஸாகக் கொடுத்து, சூடு என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்கள். புற்றுநோயாளிக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ உணவியல் சங்கத்தின் பரிந்துரை. ஐம்பது கிலோ ஆளுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கிராம். கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, சாளையும் நெத்திலியும் அவித்த முட்டையும் கஞ்சியோடு பயறும் இருக்கிறது. அதை விட்டு பீட்ரூட்டை அரைத்துக்கொண்டிருந்தால் எடைதான் குறையும். சித்திக்கு முதல் மாதத்தில் அதுதான் நடந்தது. குற்றவாளிகளில் நானும் ஒருவன், மிக்ஸியை ஓட்டியது நான்தான்.

இரண்டாம் தவணைக்குப் போகும்போது, வீட்டில் கொடுப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மாத்திரைப் பெயர் எழுதினால் போதாது என்று காப்ஸ்யூல் டப்பாவையே பையில் போட்டுக்கொண்டேன், பின்பக்கத்து எழுத்தோடு. டாக்டர் தாளைப் பார்த்து முதலில் காப்ஸ்யூலை அடித்தார், அடுத்து முள்ளு சீத்தா இலைக் கஷாயத்தை அடித்தார். மஞ்சள் பாலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியில் 'பதிமுகத் தண்ணீர்' என்று எழுதியிருந்தேன்.

அது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரிந்தது. சாயமரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். அந்த நிறமும் ஒரு தாவர நிறமிதான், பிரேசிலின் என்று பெயர். மரத்துக்குள் நிறமில்லாமல் இருந்து, காற்றுப் பட்டுச் சிவப்பது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அதற்கும் ஆய்வகக் கட்டுரைகள் உண்டு. ஒரு குடம் தண்ணீரில் நாலு சீவல் போட்டால் அதில் எவ்வளவு இறங்கிவிடப் போகிறது? சித்தி டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இதையும் அடித்துவிடுவாரோ என்று. அவர் கேட்டது நிறத்தைப் பற்றி அல்ல.

"நல்லாத் திளைக்க வச்சதுதானே? ஹோட்டல்காரங்க மாதிரி பச்சைத் தண்ணி கலக்கலையே?"

இல்லை என்றார் சித்தி. டாக்டர் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.